நங்கூரமின்றி நிற்கும் கப்பல்

முதல்நாள் வலைவிட்ட இடத்தை மறுநாள் கடலிலே கண்டுபிடிப்பது எவ்வாறு? கருவி ஒன்றும் கைவசமில்லாத காலத்தில் மன்னார்க் கரையின் மீனவர் இதற்குக் கரையையே நம்பியிருந்தனர். தேவாலயக் கோபுரமொன்றும் அதற்குப் பின்னே நிற்கும் பனையொன்றும் ஒரே கோட்டில் வரும்வரை தோணியைச் செலுத்துவர். பின்பு, பக்கவாட்டில் தெரியும் வேறிரண்டு அடையாளங்களை அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக வரச்செய்வர். இரு கோடுகளும் வெட்டுமிடமே அவர்கள் தேடிய இடம். முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புக் கரையிற் கட்டுவித்த டொரிக் மாளிகை கடலோடிகளின் கண்ணுக்கு நல்ல அடையாளமாக அமைந்தது. இன்று அம்மாளிகையைக் கடல் சிறுகச் சிறுக அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடு செய்வதுபோல, 2020இல் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் தீவின் தென்கரையில் எழுந்து நிற்கின்றன.

இந்த எளிய முறையில் நுட்பமான விடயம் ஒன்று அடங்கியுள்ளது. தோணியின் முன்தலையில் நின்று அடையாளம் பார்ப்பவன் ஒருவன். சுக்கான் பிடிப்பவன் வேறொருவன். முன்னவன் "இன்னும் சற்று வலப்பக்கம்" என்று சொல்லும்போது, யாருடைய வலப்பக்கம், எவ்வளவு 'சற்று' என்பதைப் பின்னவன் ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். ஒரே ஊரவராதலால் அந்த உடன்பாடு அவர்களிடையே இயல்பாக உண்டு. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்த இயந்திரங்களிடையே அது தானாக வருவதில்லை.

எண்ணெய் தேடி 1970களில் பேசாலையிலே துளையிட்டபோது இந்தச் சிக்கல் எழவில்லை. நிலத்தில் அடித்த முளை அடித்த இடத்திலேயே நிற்கும். 2011ஆம் ஆண்டில் நடந்தது வேறு கதை. அவ்வாண்டு கெயார்ன் நிறுவனம், மன்னார் வளைகுடாவின் ஆழ்ந்த பகுதியில் துளையிடுவதற்காகச் 'சிக்கியு' என்னும் யப்பானியக் கப்பலை அமர்த்தியது. 210 மீற்றர் நீளமான அக்கப்பலுக்கு ஒரு முன்கதை உண்டு. அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் யப்பானைச் சுனாமி தாக்கியபோது அது ஹச்சினோகே துறைமுகத்தில் நின்றது. அதைப் பார்வையிட வந்திருந்த ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் 48 பேர் அன்றிரவைக் கப்பலிலேயே கழித்து, மறுநாள் ஹெலிகொப்டர் மூலம் கரைசேர்ந்தனர். பிள்ளைகளுக்கு ஊறு நேரவில்லை. கப்பலின் அடியிலுள்ள ஆறு சுழல் உந்திகளுள் ஒன்று சேதமுற்றது. சில மாதங்களின் பின் அதே கப்பல் இலங்கைக் கடலுக்கு வந்தது.

டொராடோ எனப் பெயரிடப்பட்ட கிணற்றின்மேல் கடலின் ஆழம் 1,354 மீற்றர். பரகூடா என்ற கிணற்றின்மேல் 1,509 மீற்றர். இரண்டிலும் இயற்கை வாயு காணப்பட்டது. இத்தகைய ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்பது எளிதன்று. எனவே கப்பல் தன் உந்திகளையே ஓயாது இயக்கி, காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து, ஒரே புள்ளியின்மேல் நிற்கிறது. 'டைனமிக் பொசிஷனிங்' எனப்படும் இதனை நிலைகாப்பு முறை என்று சொல்லலாம். கப்பலிலிருந்து கடலடிக் கிணற்றுவாய் வரை நீண்ட குழாய் தொங்குகிறது. டொராடோவின் ஆழத்தில் கப்பல் 24 மீற்றர் விலகினாலே அக்குழாய் ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்துவிடும். விலகல் மேலும் மிகுந்தால் குழாயைக் கிணற்றுவாயிலிருந்து கழற்றிவிட்டுக் கப்பல் அகல வேண்டும். கழற்றத் தவறினால் குழாய் முறியலாம், கிணற்றுவாய் சிதையலாம், அதனால் வரும் கேடு மீன்பிடிக் கரைகள் வரை பரவலாம்.

இக்கலை பிறந்தது 1961இல். மெக்சிக்கோவின் குவாடலூப் தீவுக்கு அப்பால், 3,500 மீற்றர் ஆழக் கடலில், 'கஸ் 1' என்னும் அமெரிக்கக் கப்பலை நான்கு உந்திகளால் ஓரிடத்தில் நிறுத்தினர். இயக்கியது மனிதக் கை. சுற்றிலும் மிதவைகளைக் கட்டி, அவற்றை ராடாரிலும் ஒலியலைக் கருவியிலும் பார்த்துப் பார்த்துக் கப்பலைத் திருப்பினர். அதே ஆண்டில் ஷெல் நிறுவனத்தின் 'யுரேக்கா' என்னும் கப்பலில் அவ்வேலையைத் தானியங்கிப் பொறி ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அடையாளம் பார்ப்பவனும் சுக்கான் பிடிப்பவனும் இயந்திரங்களாயினர்.

அடையாளம் பார்க்கும் இயந்திரங்கள் பலவகைப்படும். செய்மதிகளின் வானலைகளைக் கேட்டு இடத்தைக் கணிப்பது ஒன்று. கடலடியில் வைத்த கருவிகளை ஒலியால் அழைத்து, அவற்றின் விடையைக் கேட்டு அறிவது இன்னொன்று. 'சிக்கியு' இவ்விரண்டையும் கொண்டது. பாரத்தைக் கடலடிக்கு இறக்கி, அதைத் தாங்கும் கம்பியின் சாய்வை அளப்பதும், அண்டையிலுள்ள மேடையை லேசர் ஒளியால் அல்லது ராடாரால் அளப்பதும் வேறு கப்பல்களில் உண்டு. ஒருவகையை மட்டும் நம்பலாகாது என்பதற்கு மன்னார் வளைகுடாவே நல்ல உதாரணம். பூமியின் காந்த நடுக்கோடு இப்பகுதியை அண்மித்துச் செல்கிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவை ஏவுகணைத் தளமாகத் தேர்ந்தமைக்கும் அதுவே காரணம். இக்கோட்டை ஒட்டிய வானில், பொழுது சாய்ந்தபின், மின்மண்டலம் சில நாள்களில் கொந்தளித்து, செய்மதி அலைகளைத் தடுமாறச் செய்யும். அவ்வேளையில் செய்மதிக் கருவிகள் பத்து இருந்தாலும் பத்தும் சேர்ந்தே தடுமாறக்கூடும். ஒரே வதந்தியைக் கேட்ட பத்துப் பேர் பத்துச் சாட்சிகள் ஆகார். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1994இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உயர்வகுப்புக் கப்பல்களுக்கு மூன்று இடங்காட்டும் கருவிகள் வேண்டும் என்றும், அவை அனைத்தும் ஒரே தத்துவத்தில் இயங்குவன ஆகலாகாது என்றும் விதித்தன. 2017இல் நெறிகள் புதுப்பிக்கப்பட்டபோதும் இவ்விதி நிலைத்தது.

சாட்சிகள் வெவ்வேறு இனத்தவராயின் அவர்களின் மொழியும் வேறுபடுமன்றோ? கருவியும் கட்டுப்பாட்டுக் கணினியும் சந்திக்கும் அந்தக் கம்பிமுனையிலேதான் தொல்லை தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியற் சங்கம் 1983இல் '0183' என்னும் நியமத்தை வெளியிட்டது. நேரம், அகலக்கோடு, நெடுங்கோடு, கேட்ட செய்மதிகளின் தொகை ஆகியன காற்புள்ளியாற் பிரிக்கப்பட்டு, ஒரே வரியில், ஒரே ஒழுங்கில் வரும்.

அந்த ஒழுங்கை அறியாத கணினிக்கு என்ன நேரும்? பேசாலையை ஒட்டிச் செல்லும் அகலக்கோடு 9 பாகை 5 கலை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. நியமப்படி அது 0905 என எழுதப்படும். இதனை 9.05 பாகை என்று கணினி பிழையாக வாசித்தால், கப்பலின் இடம் 2 கலை, அஃதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீற்றர், மாறிவிடும். இத்தகைய பெரும்பிழை உடனே கண்ணிற் படும். ஆகவே அது அத்துணை ஆபத்தானதன்று. சிறுபிழையே கொடிது. இலங்கையின் பழைய நிலஅளவைப் படங்கள் கண்டவளை அடிப்படையில் வரையப்பட்டவை. செய்மதிக் கருவிகள் உலகப் பொது அடிப்படையில் பேசுகின்றன. ஒரே இடத்துக்கு இரண்டும் தரும் எண்களைக் கலந்துவிட்டால் நூறு மீற்றருக்கு மேல் வழு வரும். கிணற்றின்மேல் நிற்கும் கப்பலுக்கு அது சிறிய தொகையன்று.

செய்மதிக் கருவிகளுக்கு இந்நியமம் பெரும்பாலும் பொருந்திவிட்டது. ஏனையவை அத்துணை எளிதில் அடங்கவில்லை. நியமத்திலேயே ஒரு வாயில் திறந்து விடப்பட்டுள்ளது: 'பி' என்னும் எழுத்தோடு தொடங்கும் வரிகளை உற்பத்தியாளர் தம் விருப்பப்படி அமைக்கலாம். ஒலியலைக் கருவிகள் பல இந்த வாயிலாலேயே நுழைந்தன. ஒரு கருவி தூரத்தையும் திசையையும் சொல்லும். மற்றொன்று முன்னும் பக்கமுமாக மீற்றரிற் சொல்லும். ஒன்று கப்பலின் நடுவிலிருந்து அளக்கும். இன்னொன்று தான் பொருத்தப்பட்ட இடத்திலிருந்து அளக்கும். நேரமும் ஒரு சிக்கல். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். பரகூடாவின் ஆழத்துக்கு அழைப்பு போய் விடை திரும்ப 2 நொடி ஆகும். எந்த நொடியின் செய்தி இது என்று கருவி சொல்லாவிட்டால், கணினி பழைய இடத்தைப் புதிய இடமென்று கொள்ளும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, சாட்சி தன் ஐயத்தையும் சொல்லுதல். "இங்கே நிற்கிறோம்" என்பதோடு "இத்தனை மீற்றர் முன்பின் இருக்கலாம்" என்பதும் வேண்டும். செய்மதி வரியில் இதற்கு ஓர் இலக்கம் உண்டு. ஆனால் அதன் பொருளை எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரேவிதமாகக் கொள்வதில்லை. இங்கே விசித்திரமான கண்ணியொன்று இருக்கிறது. அலையில் ஆடும் கப்பலில் நேர்மையான கருவியின் அளவு சிறிது ஏறி இறங்கும். உள்ளே பழுதாகி, பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பும் கருவியின் அளவோ இம்மியும் அசையாது. ஆட்டம் குறைந்ததை மிகுதியாக நம்புமாறு அமைக்கப்பட்ட கணினி, உயிருள்ள சாட்சிகளை ஒதுக்கி, செத்த சாட்சியின் பக்கம் சாய்ந்துவிடும். கப்பலோ நிற்பதாக எண்ணிக்கொண்டே விலகும். இதனால், அசையாத எண்ணைக் கண்டால் ஐயுறுவதற்கென்றே தனிச் சோதனையை இக்காலக் கணினிகளில் வைக்கின்றனர்.

கெயார்ன் நிறுவனம் 2015இல் மன்னார்ப் படுகையிலிருந்து விலகிற்று. இனி எந்தக் கொடியின் கீழ் எந்தக் கப்பல் வந்தாலும், இக்கடலின் மீனவர் பார்த்துக் கேட்கத்தக்கது ஒன்றுண்டு. நிலைகாப்புக் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பரீட்சை நடத்தப்படுகிறது. அமைதியான கடலில், பரிசோதகர் முன்னிலையில், ஒவ்வொரு கருவியின் இணைப்பையும் முறையே பிடுங்கிவிட்டு, கணினி அதை அறிந்து கூவுகிறதா, கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கின்றனர். அந்தப் பரீட்சையின் ஏடு கப்பலிலேயே இருக்கும்.