என்னைத் தொட்டவர் யார்?



ஒரு நாளில் நம் விரல்கள் எதை அதிகமாகத் தொடுகின்றன? செபமாலையையா, பிள்ளையின் தலையையா, வயதான பெற்றோரின் கையையா? கண் விழித்ததும் நம் கை முதலில் தேடுவதும், இரவில் கடைசியாகக் கீழே வைப்பதும் கைப்பேசியைத்தான். பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர்கூட வெளியே பார்ப்பதில்லை. தியாகராய நகரில் துணி எடுத்துவிட்டு உணவகத்தில் அமரும் குடும்பத்தில், தோசை வரும்வரை ஆளுக்கொரு திரை. இதைப் பிறர் குறையாகச் சொல்லவில்லை. அந்த மேசையில் நாமும் இருக்கிறோம்.

லூக்கா நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் இயேசு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் ஒரே மகள் சாகும் நிலையில் இருக்கிறாள். கூட்டம் நாற்புறமும் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருவர் பின்னால் வந்து அவருடைய ஆடையின் ஓரத்தைத் தொடுகிறார். இயேசு நின்றுவிடுகிறார். தொட்டவர் யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் இடிக்கும்போது இப்படிக் கேட்கலாமா என்று பேதுரு வியக்கிறார். ஆனால் இடித்தவர்கள் பலர் இருந்தாலும், நம்பிக்கையோடு தொட்டவர் ஒருவர் என்பது ஆண்டவருக்குத் தெரியும். அந்தப் பெண் நடுங்கியபடி எல்லாவற்றையும் சொல்கிறார். இயேசு கேட்கிறார். மகளே என்று அழைக்கிறார்.

இன்று நம்மையும் ஒரு கூட்டம் நெருக்குகிறது. குழுச் செய்திகள், காணொளிகள், அறிவிப்பு ஒலிகள். இந்த நெரிசலில் நம்மைத் தொட வருகிற ஒருவரை நம்மால் உணர முடிகிறதா?

இது வெறும் மனவுறுதிக் குறைவு அல்ல. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இந்த வானொலி உரைக்கும் முடிவு உண்டு. ஆனால் திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. முடிவே இல்லாதபடி அதை அமைத்திருக்கிறார்கள், ஏனெனில் நாம் பார்க்கும் நேரம்தான் அவர்களுக்கு விளம்பர வருமானம். அடுத்து வருவது நல்லதா, வெறுமையா என்று தெரியாததால் மனம் மீண்டும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. சூதாடுபவரைக் கட்டிப்போடுவதும் இதே எதிர்பார்ப்புதான். பட்டினப்பாக்கம் மீனவர்களுக்குத் தூண்டிலைப் பற்றித் தெரியும். இங்கே நாம்தான் மீன். இச்சிக்கலுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. ஆகவே உதவி கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம்.

கருவி பொல்லாதது அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, படகு எங்கே தேவை, பால் எங்கே தேவை என்று முன்பின் அறியாதவர்கள் கைப்பேசி வழியாகத்தான் சொல்லி உதவினார்கள். அதே நாள்களில் மின்சாரமும் தொடர்பும் அறுந்தபோது, எதிர் வீட்டுக்காரரின் பெயரை நம்மில் பலர் முதன்முறையாகக் கேட்டறிந்தோம். இரண்டுமே உண்மை.

குருக்களாகிய நாங்களும் விதிவிலக்கல்ல. நற்கருணை கொண்டுசென்ற ஒரு வீட்டில், படுக்கையில் இருந்த அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தோம். யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். "உங்களுக்கு வேலை இருக்கும் ஃபாதர், போயிட்டு வாங்க" என்றார் அவர். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது அவர் பேசும் நிலையில் இல்லை. அந்த வார்த்தை என்னவென்று இனி நமக்குத் தெரியப்போவதில்லை. ஆண்டவர் மன்னிப்பார். ஆனால் அந்த நிமிடம் திரும்பாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று, தவக்காலம் கைப்பேசித் தொடர்பை விட்டு நற்செய்தியோடு தொடர்புகொள்ளும் காலம் என்று நினைவூட்டினார். வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்க்கிறோம். இந்தத் தவக்காலத்தில் மூன்று சிறு ஒறுத்தல்களையும் சேர்ப்போம். இரவு உணவின்போது வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே இடத்தில் ஓய்வெடுக்கட்டும், பெற்றோருடையது முதலில். படுக்கையறைக்குள் அது வர வேண்டாம், எழுப்புவதற்கு ஒரு கடிகாரம் போதும். யாராவது நம்மிடம் பேச வந்தால், இயேசு நின்றதுபோல் நின்று, முகம் பார்த்து, முடிக்கும்வரை கேட்போம்.

சாந்தோமில் கல்லறை கொண்டிருக்கும் நம் திருத்தூதர் தோமா, பிறர் சொன்ன செய்தியோடு நிறைவடையவில்லை. ஆண்டவரின் காயங்களையே தொட விரும்பினார். ஆண்டவரும் அவரைத் தள்ளிவிடவில்லை, அருகே அழைத்தார். இன்றும் அந்தக் காயங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன: பேசாமல் போன மகனிடம், தனித்திருக்கும் தாயிடம், களைத்து வந்த வாழ்க்கைத் துணையிடம்.

ஆண்டவரே, கண்ணாடியைத் தொட்டுப் பழகிய எங்கள் விரல்களுக்கு, மனிதரைத் தொடக் கற்றுத்தாரும். ஆமென்.