வேதனை நாளில் விடுமுறை



மாதவிடாய் வேதனையால் வருந்தும் பெண்ணுக்குக் கந்தோரில் விடுமுறை வேண்டுமா? வேண்டும் என்பதே எமது துணிபு.

இது புதுமையன்று. யப்பான் 1947ஆம் ஆண்டிலேயே இதனைச் சட்டமாக்கிற்று. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்க்கு மாதம் இரு நாள் வழங்கி வருகின்றது. ஆயினும் யப்பானிய அரசின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இவ்விடுமுறையை எடுத்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். ஏன்? அந்நாளுக்குச் சம்பளம் கொடுக்கும்படி சட்டம் கட்டளையிடவில்லை. ஆண் மேலதிகாரியிடம் கேட்க நாணமும் தடுக்கின்றது.

“விடுமுறை கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள்” என்பர் சிலர். 2024இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இவ்வச்சத்தைக் குறிப்பிட்டது. அச்சம் பொய்யன்று, ஆனால் பரிகாரம் உண்டு. ஸ்பெயின் 2023இல் இயற்றிய சட்டப்படி, வைத்தியர் சான்று தந்தால், அந்நாட் கொடுப்பனவை முதலாளியன்று, அரசின் சமூகக் காப்புறுதியே ஏற்கின்றது.

சட்டம் விடுமுறை தரும், நாணத்தை நீக்காது. எம் வீடுகளில் “துடக்கு” என்று ஒதுக்கி வைத்தோமேயன்றி, “நோகின்றதா?” என்று கேட்டோமல்லோம். வீட்டில் வாய்திறக்க இயலாதவள் கந்தோரில் எங்ஙனம் வாய்திறப்பாள்? கேட்கும் வழக்கத்தை இன்றே எம் வீடுகளில் தொடங்குவோமாக.