பிள்ளைத்தமிழ் காட்டும் பிள்ளை வளர்ப்பு



குமுளி மலைக்கும் வைகை அணைக்கும் இடையே, முல்லைப் பெரியாற்றின் இரு கரையிலும் பசுமையாகப் பரந்து கிடக்கும் நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கில், கைக்குழந்தையும் தவழும் குழந்தையும் உள்ள வீடுகளுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, எந்த நூலைத் துணைக்கு எடுத்துக்கொள்வது என்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அங்கன்வாடி மேற்பார்வைப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் ஆதலால் சர்க்கார் அச்சிட்ட கையேடுகள் பல என் அலமாரியில் உண்டு. அவை நல்ல நூல்களே. ஆயினும் அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு நான் இன்று கையில் எடுத்திருப்பது பிள்ளைத்தமிழ்.

அது புலவர்கள் விஷயம் அல்லவா, அடுப்படியில் நின்று கேட்கும் எங்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் நினைக்கலாம். சற்றே பொறுத்துக் கேளுங்கள். தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் அந்தப் பிரபந்தத்தில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பத்துப் பருவங்கள் உண்டு. பெண்பிள்ளையாயின் கடைசி மூன்றும் மாறி அம்மானையும் நீராடலும் ஊசலும் வரும். மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரையில் ஒற்றைப்பட்ட மாதந்தோறும் ஒரு பருவம் என்று பாட்டியல் நூலார் இதற்குக் கணக்கும் வகுத்திருக்கிறார்கள். இன்று கிடைப்பவற்றுள் பழையது ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன்மேல் பாடியது. மதுரை மீனாட்சியம்மைக்குக் குமரகுருபரர் பாடியது 17ஆம் நூற்றாண்டில். இவர்களுக்கெல்லாம் முன்பே கண்ணனைக் குழந்தையாக்கிச் செங்கீரை ஆடச் சொன்னவர் பெரியாழ்வார். அவர் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்கு அயலூர் அன்று; நம் மேகமலைக்கு அந்தப்புறத்து ஊர். 2021ஆம் ஆண்டில் இரண்டு ஊர்க் காடுகளையும் ஒன்றாக்கிப் புலிகள் காப்பகம் அமைத்தார்களே, அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

தந்தைமார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யசோதையின் வாக்காகத் தாலாட்டும் நீராட்டும் பூச்சூட்டும் பாடிய பெரியாழ்வார் ஓர் ஆண்மகன். பிள்ளையைக் கொஞ்சுவதும் குளிப்பாட்டுவதும் பெண்களின் காரியம் என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்ள அவர் நமக்கு வழி வைக்கவில்லை.

இந்தப் பத்துப் பருவங்களிலும் ஊடாடி நிற்கும் செய்தி ஒன்றே. குழந்தை புதிதாக ஒன்றைச் செய்கிறது. பெரியவர் ஒருவர் அருகிலிருந்து அதைக் கண்டு, மகிழ்ந்து, அதற்கு வாயால் ஒரு பதில் சொல்லுகிறார். கண்டு கொள்ளுதலும் பதில் சொல்லுதலுமாகிய இந்த இரண்டும் பாலையும் சோற்றையும் போலவே குழந்தைக்கு ஆகாரம் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலாவது காப்புப் பருவம். பிள்ளையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது அது. நாமும் நம் குலதெய்வத்தையும் வீரபாண்டி கௌமாரியம்மனையும் வேண்டிக்கொள்வோம்; வேண்டிக்கொண்ட கையோடு, புதன்கிழமை நடைபெறும் தடுப்பூசி முகாமுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவோம். பிறந்த சிசுவுக்குச் சேனை வைப்பது என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாவில் தடவுகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முற்றும் மறையவில்லை. ஒரு வயது நிறையும் வரையில் தேன் ஆகாது. அரிதாயினும் அதனால் உயிருக்கே ஆபத்தான நோய் வரக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் சீம்பாலே முதற்சேனை. பெரிய மனிதர் கையால் சேனை வைத்தால்தான் பிள்ளை அவரைப் போல் வரும் என்று வாதிடும் அப்பத்தாமார்களுக்கு நான் சொல்லும் சமாதானம், தாயை விடப் பெரிய மனிதர் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் என்பதுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். சித்திரை வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் வேண்டியதில்லை.

அடுத்தது செங்கீரை. ஐந்தாம் மாதத்தையொட்டிக் குழந்தை கவிழ்ந்து, கையூன்றி, தலையை நிமிர்த்தி அசைந்தாடும் அழகைப் புலவர்கள் கண்டு கண்டு பாடியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது சீலையம்பட்டிப் பக்கத்தில் நான் கண்ட ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கத்தில் பூத் தொழில் விசேஷம் என்பது உங்களுக்குத் தெரியும். தாய் தோட்டத்துக்குப் பூவெடுக்கப் போய்விடுவாள்; அப்பத்தா வீட்டில் இருந்து பூக்கட்டுவாள்; பேரன் பொழுதெல்லாம் சேலைத் தூளியில் கிடப்பான். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தும் அவனுக்குத் தலை நிற்பதில் உறுதி போதவில்லை. அவனைப் பாயில் கவிழ்த்துப் போடுங்கள் என்று நான் சொன்னவுடன் அந்த அம்மாள், "டீச்சரம்மா, கீழ போட்டா எறும்பு கடிச்சுப்புடும்ல?" என்றாள். "பாயை உங்க பக்கத்துலயே விரிச்சுக்கங்க அப்பத்தா, எறும்பையும் பாத்துக்கலாம், பேரனையும் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். பூக்கூடையைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, மல்லிகையைத் தொடுத்தபடியே அவனோடு பேசத் தொடங்கினாள். அவள் குரல் வந்த திசையில் அவன் தலையைத் தூக்கினான். தூக்கியது கண்டு அவள் இன்னும் பேசினாள். அவள் பேசப் பேச அவன் மார்பையும் நிமிர்த்தினான். அடுத்த முறை நான் போனபோது அவன் உருண்டு போய்ப் பாயின் ஓரத்தை எட்டியிருந்தான். தூளி உறங்குவதற்கு ஏற்றதுதான். விழித்திருக்கும் குழந்தைக்குத் தரையும் பாயும் அருகில் ஒரு மனிதக் குரலும் வேண்டும்.

தாலும் சப்பாணியும் அடுத்து வருவன. சப்பாணி கொட்டிக் குழந்தை ஆடும் ஒன்பதாம் மாதத்தில் ஆகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் போகலாகாது. ஆறு மாதம் முடிந்தவுடன் நன்றாக மசித்த பருப்புச் சோறும் கேழ்வரகுக் கூழும் வாழைப்பழமும் தொடங்கி, படிப்படியாக முட்டையும் கீரையும் சேர்க்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்து முருங்கையை ஊரெல்லாம் வாங்கித் தின்னும்போது நம் வீட்டுக் குழந்தைக்கு அதன் கீரை கிடைக்காமற்போவது நியாயமா? அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி வைத்து மாட்டுக்குக் கரைத்து விடுகிற குடும்பங்களும் உண்டு. மாடு அதனால் கொழுக்கலாம். ஆனால் மாவு அதற்காக வந்ததன்று.

திராட்சைக் கொடிக்கால்காரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தத் திராட்சை முழுதாக வாய்க்குள் போனால் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளும் பருமன் உடையது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐந்து வயது வரையில் அதை நன்றாகக் கழுவி, நீளவாக்கில் நான்காக வகிர்ந்து, விதை நீக்கி, குழந்தையை உட்காரவைத்துக் கொடுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கலர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது மகா ஆபத்தான வழக்கம். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும். உள்ளே இருப்பது விஷம் என்று தெரியாது. மருந்தடித்து வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

முத்தப் பருவத்துக்கு என் உபதேசம் யாருக்கும் தேவையில்லை. வாரானை என்பது தளர்நடையிட்டு வரும் பிள்ளையை வா வா என்று அழைப்பது. இங்கே மரத்தில் செய்த பழைய நடைவண்டியே சிலாக்கியமானது; பிள்ளை தன் காலில் நின்று அதைத் தள்ளும். நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடுகிற பிளாஸ்டிக் வாக்கர் நடையைக் கற்பிப்பதும் இல்லை, படியில் கவிழாமல் இருப்பதும் இல்லை. நடக்கக் கற்ற பிள்ளைக்கு நம் ஊரில் முதல் அபாயம் தண்ணீர். முதல் போகத்துக்கு அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள் விவசாயிக்குத் திருநாள். வாய்க்கால் கரையில் வீடுள்ளவர்கள் அன்று முதல் பிள்ளையைக் கண்ணை விட்டு அகற்றக் கூடாது. தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லையென்றால் குறைந்தபட்சம் முள்வேலியாவது போடுங்கள்.

இனி அம்புலிப் பருவத்துக்கு வருகிறேன். வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்த இடமே இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் தங்குவதற்கு நீங்கள் அனுமதிக்க வேண்டும். பிள்ளையோடு விளையாட வா என்று சந்திரனை அழைப்பது இந்தப் பருவம். பிள்ளைத்தமிழ் பாடுவதில் இதுவே கடினமானது என்று புலவர்கள் சொல்லுவார்கள். ஏனென்றால் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் இதில் கையாள வேண்டும். நீயும் இவனும் சமானம் என்று நயமாகச் சொல்லுவது ஒன்று. உனக்குக் களங்கமும் தேய்வும் உண்டு, இவனுக்கு இல்லை என்று பிரித்துப் பேசுவது ஒன்று. வந்தால் இன்னது பெறுவாய் என்பது ஒன்று. வராவிட்டால் என்ன ஆகும் பார் என்று அச்சுறுத்துவது கடைசி. நான் பலகாலம் எண்ணி எண்ணி வியந்த நுட்பம் இதில் ஒன்று இருக்கிறது. இத்தனை உபாயங்களும் நிலாவின்மேல்தான் செல்லுகின்றனவேயன்றி, ஒன்றாவது குழந்தையின்மேல் செல்லுவதில்லை. மிரட்டல் முழுவதும் வானத்துக்கு. மடியில் இருக்கும் பிள்ளைக்கு வேடிக்கை மட்டுமே.

நம் வீடுகளில் இன்று சோறூட்டும் நேரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பூச்சாண்டி வருவான் என்பது தண்டம். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்பது தானம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான் என்பது பேதம். மூன்றும் குழந்தையின்மேலேயே பாய்கின்றன. மூன்றும் தோற்றால் செல்போன் வருகிறது. அதைக் கையில் கொடுத்தவுடன் வாய் திறக்கிறது, சோறு இறங்குகிறது. எவ்வளவு இறங்கிற்று என்பது குழந்தைக்கும் தெரியாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், அதன்பின் ஐந்து வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட வேண்டாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் சொல்லியிருக்கிறது. நிலாவும் வட்டமாய் ஒளிவிடுவதுதான், செல்போனும் ஒளிவிடுவதுதான். பேதம் என்னவென்றால், நிலாவைக் காட்ட வேண்டுமானால் காட்டுகிறவர் பேசியாக வேண்டும். பேச்சு பிறக்கும் பிராயத்தில் குழந்தைக்குப் பேச்சைக் கொடுப்பது அந்தச் சம்பாஷணைதான்.

அமாவாசையன்று என்ன செய்வது என்று கேட்பீர்கள். போடிக்காரர்களுக்கு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிகளின் வெளிச்சம் இருக்கிறது. கண்டமனூர்ப் பக்கத்தாருக்குக் காற்றாலைகளின் உச்சியில் மின்னும் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. எதைக் காட்டினாலும் சரி, காட்டிப் பேசுங்கள்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாயின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இருள் பிரியும் முன்பே ஜீப் வந்து நிற்கும். கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பொழுதுசாயத்தான் திரும்புவாள். இரண்டரை வயது மகன் அழுவானே என்று, அவன் தூங்கும்போதே ஓசைப்படாமல் எழுந்து போவது அவள் வழக்கம். விழித்துப் பார்த்த பிள்ளைக்குத் தாய் மாயமாய் மறைந்துபோனதுதான் தெரியும். அங்கன்வாடியிலும் அவன் வாசற்படியைவிட்டு நகரமாட்டான், சோறும் உண்ணமாட்டான். அந்த மையத்துப் பணியாளர், கல்லூரிப் படியேறாதவர் ஆயினும் குழந்தை மனம் அறிந்தவர், அந்தத் தாய்க்கு ஓர் உபாயம் சொன்னார். இரவு நிலாக்காட்டிச் சோறூட்டும்போதே நாளைய கதையையும் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்: "நெலா வீட்டுக்குப் போயிரும், விடியும், அம்மா மலைக்குப் போவேன், நீ சாப்புட்டு வெளையாண்டு தூங்கி எந்திரிப்ப, பொழுதுசாய ஜீப்பு வரும், அம்மா வந்துருவேன்." காலையில் அவனை எழுப்பி முத்தமிட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் அவன் அழுதான், அழத்தானே செய்வான்! நாளடைவில் சொன்னபடி ஜீப் வருவதும் சொன்னபடி அம்மா வருவதும் அவனுக்கு உறுதிப்பட்டன. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் "சீப்பு வரும், அம்மா வரும்" என்று அவனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டான். பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போங்கள் என்று மலைக்குப் போகும் தாய்மார்களிடமெல்லாம் நான் சொல்லுவது அதுமுதல்தான்.

கடிகாரம் என்னை எச்சரிக்கிறது. சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் எஞ்சி நிற்கின்றன. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மணலில் வீடு கட்டட்டும், கொட்டாங்கச்சியில் சோறாக்கட்டும். தட்டையும் தகரத்தையும் கொட்டி முழக்கட்டும். நுங்கு வண்டி உருட்டட்டும். விலையுயர்ந்த பொம்மை எதுவும் வேண்டியதில்லை. புலவர் வகுத்த மாதக்கணக்கு ஒரு வழிகாட்டியேயன்றிச் சட்டமன்று. ஒரு மாதம் முந்துவதும் பிந்துவதும் இயல்பு. ஆயினும் ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தையையும், ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தையையும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் தானே சரியாகும் என்று சொல்லும் அண்டை வீட்டார் பேச்சை அப்போது கேட்காதீர்கள்.

இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளை உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். இன்று இரவு பிள்ளைக்குச் சோறூட்டும்போது செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, கண்ணில் படுவதைக் காட்டிப் பேசுங்கள். தந்தையும் கூட வரட்டும்.