புத்தகம் திரைக்கு வரும்போது வாசகன் எதைக் கேட்கலாம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். அதனால் சிமெண்ட், கம்பி என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் நம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில், "பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது பேசுப்பா, கான்கிரீட்டெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஒரு மாயாஜாலக் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். கான்கிரீட் கொஞ்சம் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையின் பெயர் 'தி வீல் ஆஃப் டைம்'. காலச் சக்கரம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ராபர்ட் ஜோர்டன். அது புனைபெயர், சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் ஊர்க்காரர். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி வந்து, இயற்பியலில் பட்டம் வாங்கி, அமெரிக்கக் கடற்படைக்கு அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தவர். ஆக, நம்ம ஆள்தான்! முதல் புத்தகம் 1990-ல் வெளிவந்தது. எழுத எழுதக் கதை நீண்டுகொண்டே போனது. 2007 செப்டம்பரில், இதயத்தைத் தாக்கும் ஓர் அரிய நோயால் அவர் காலமானார். அப்போது பிரதான வரிசையில் 11 புத்தகங்கள் வந்திருந்தன. முடிவு மட்டும் வரவில்லை.

உலகம் முழுக்க இருந்த வாசகர்கள் அன்றைக்கு எப்படித் தவித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பதினேழு வருஷம் கூடவே நடந்துவிட்டு, பாதி வழியில் வண்டி நின்றுபோன மாதிரி. நல்ல வேளையாக, அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய பதிப்பாசிரியரும்கூட. அந்த அம்மையார் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, கணவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும், அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த கடைசிக் காட்சியையும் ஒப்படைத்தார். 2009, 2010, 2013 என்று மூன்று புத்தகங்களாக மீதிக் கதை வந்தது. மொத்தம் 14. முன்கதை ஒன்று தனி.

2009 என்றால் நான் இதே கல்லூரி விடுதியில் இருந்த காலம். எங்கள் விங்கில் முதல் புத்தகத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். செங்கல் கனம் இருக்கும். மெக்கானிக்கல் பையன்களிடமிருந்து எங்களிடம் வந்து சேரும்போது அட்டை கிடையாது. முதல் பத்துப் பக்கமும் கிடையாது. யாரோ ஒருத்தன் அந்தப் பத்துப் பக்கத்தை வாயால் சொல்லித்தான் எனக்குக் கதை ஆரம்பித்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப் படித்தவர்களுக்கு ஒரு புத்தகத்தின் மேல் வருவது வெறும் ரசனை இல்லை, ஒரு பாத்தியதை. அந்தப் பாத்தியதையோடுதான் ரசிகன் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருகிறான். 'பொன்னியின் செல்வன்' 2022-ல் படமாக வந்தபோது நம் வீட்டுப் பெரியவர்கள் இடைவேளையிலேயே ஐந்து பாகத்தையும் ஒப்பித்தார்களே, அதே பாத்தியதைதான்.

காலச் சக்கரம் முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்தது எப்போது தெரியுமா? 2015 பிப்ரவரியில், அமெரிக்காவில் ஒரு கேபிள் சேனலில், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. அரைமணி நேரம். முன்னறிவிப்பு கிடையாது. படமெடுக்கும் உரிமையின் கெடு முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி என்ற நிலையில் அவசரமாக ஒளிபரப்பப்பட்டது அது. நம்ம ஊரில் மனையைப் பிறர் பிடித்துவிடக் கூடாதென்று ராத்திரியோடு ராத்திரியாக நாலு வரிசைக் கல் வைத்து காம்பவுண்டு எழுப்புவார்களே, அந்த மாதிரி. தனக்குத் தெரியாமல் செய்யப்பட்டது என்று ஹாரியட் அம்மையார் அப்போதே பகிரங்கமாகச் சொன்னார். ரசிகர்களுக்கு முதல் சந்தேகம் விழுந்தது அங்கேதான்.

பிறகு அமேசான் நிறுவனம் 2018-ல் தொடரை அறிவித்தது. ரோசமண்ட் பைக் நடிக்க, 2021 நவம்பரில் முதல் சீசன் வந்தது. எட்டுப் பகுதிகள். ஒரு பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 14 புத்தகங்களில் 40 லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. ஒலிப் புத்தகமாகக் கேட்டால் 400 மணி நேரத்துக்கும் மேலாகும். மூன்று சீசனும் சேர்த்துத் திரைக்கு வந்தது 24 பகுதி. எட்டு சீசன் வந்திருந்தால்கூட 64 மணி நேரம்தான். நாநூறை அறுபத்துநாலில் அடக்க வேண்டும்! ஆகவே, "புத்தகத்தில் உள்ளபடியே எடு" என்று கேட்பது நடக்கிற காரியமே இல்லை. இது ஏதோ தத்துவம் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. இடிக்கத்தான் வேண்டும். எதை இடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பழைய வீட்டை மாற்றிக் கட்டித்தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது, "இந்தச் சுவரை எடுத்துடலாமா சார்?" என்றுதான். தட்டிப் பார்ப்போம், மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். சில சுவர் வெறும் தடுப்பு. எடுத்தால் காற்று வரும். சில சுவர் மாடியையே தாங்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு இரண்டுமே ஒன்பது அங்குலம், ஒரே சுண்ணாம்பு. கதையிலும் இப்படித்தான் என்பது என் கட்சி.

முதல் சீசன் வந்தபோது எழுந்த புகார்களில் ஒன்று, நடிகர்களின் நிறம். ஒதுக்குப்புறக் கிராமத்தில் இத்தனை நிறத்து மனிதர்கள் எப்படி என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் அது தடுப்புச் சுவர். கதைக்கு வேண்டியது, நாயகன் ராண்ட் மட்டும் ஊரில் மற்றவர்களைப் போல் இல்லாமல் உயரமாக, செம்பட்டை முடியோடு இருக்க வேண்டும் என்பது. பின்னால் வரும் அவனுடைய பிறப்பு ரகசியத்துக்கு அதுதான் அஸ்திவாரம். அதைத் தொடவில்லை. அதற்காக நிறம் என்றாலே எல்லாக் கதையிலும் தடுப்புச் சுவர்தான் என்றும் சொல்ல மாட்டேன். உர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்சீ' கதைகளில் நாயகனும் பெரும்பாலான மக்களும் கருமை, செம்பழுப்பு நிறத்தவர்கள். அது அவர் யோசித்து வைத்தது. 2004-ல் தொலைக்காட்சியில் எடுத்தபோது நாயகனை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள். அந்த அம்மையார் பெயர் போட்டுக் கண்டித்து எழுதினார். அங்கே இடிந்தது மாடியைத் தாங்கிய சுவர்.

காலச் சக்கரத்தில் உண்மையிலேயே பாரம் தாங்கிய சுவர் வேறு. அந்த உலகத்தில் மந்திர சக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு உண்டு. ஆண் பாதியில் விஷம் கலந்துவிட்டது. அதைத் தொடுகிற ஆண் எவனும் காலப்போக்கில் சித்தம் கலங்கித் தன்னைச் சேர்ந்தவர்களையே அழிப்பான். உலகத்தைக் காப்பாற்றப் பிறந்திருப்பவனோ ஓர் ஆண். காப்பாற்ற வருபவனே பைத்தியமாகப் போகிறான், ஆனாலும் அவனை விட்டால் வேறு கதியில்லை! இந்தப் பயத்தின் மேல்தான் 14 புத்தகமும் நிற்கின்றன. தொடரில், அந்த மீட்பர் ஐந்து இளைஞர்களில் யாராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று ஆக்கி, யார் என்பதை மர்மமாக வைத்தார்கள். சில வாரத்துக்கு ஆவலைத் தூண்ட அது உதவியிருக்கும். பெண்ணாகவும் இருக்கலாம் என்றால் அப்புறம் பைத்தியம் பிடிக்கும் என்ற பயம் எங்கே நிற்கும்?

இன்னொன்று, கொல்லன் பட்டறையில் வேலை பார்க்கும் பெரின் என்ற பையன். முதல் புத்தகத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தொடரில் முதல் பகுதியிலேயே ஒரு மனைவியைக் கொடுத்து, சண்டைக் குழப்பத்தில் அவனுடைய கோடரியாலேயே அவளைச் சாகடித்துவிட்டார்கள். பலசாலிக்குத் தன் பலத்தின் மேலேயே அச்சம் வர வேண்டும், அதைச் சுருக்கமாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தொடரின் ஆலோசகராக இருந்த சாண்டர்சனே இதற்குத் தான் உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மனைவியைத் தன் கையால் கொன்றவன் ரெண்டு பகுதி தாண்டி மற்றவர்களோடு சாதாரணமாக நடந்து போக முடியாது இல்லையா? புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தது குற்றமே இல்லை. சேர்த்ததற்கு உரிய விலையைக் கதையில் கட்டவில்லை, அதுதான் குறை.

ஆனால் ரசிகர்கள் கதாசிரியர் தலையில் கட்டிய எல்லாப் பழியும் அவருக்கு உரியதில்லை. மாட் என்ற முக்கியமான பாத்திரம் முதல் சீசன் முடிவில் நண்பர்களைப் பயணத்தின் நடுவில் விட்டுவிட்டு நின்றுவிடுகிறான். "மாட் இப்படிச் செய்வானா?" என்று கொதித்தார்கள். நடந்தது என்னவென்றால், 2020 மார்ச்சில் கொரோனாவால் செக் நாட்டில் படப்பிடிப்பு நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது அந்த நடிகர் திரும்பவில்லை. கடைசி இரண்டு பகுதியை அவர் இல்லாமல் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சைட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது புரியும். வரைபடத்தில் தூண் இருக்கும், கம்பி வந்து சேர்ந்திருக்காது. வெளியே நிற்பவர்கள் வரைந்தவனைத்தான் திட்டுவார்கள்.

2023-ல் இரண்டாம் சீசன் வந்தது, பரவாயில்லை ரகம். 2025 மார்ச்சில் மூன்றாவது. அதில் மூன்றாம் புத்தகத்தின் பெரும்பகுதியைத் தள்ளி வைத்துவிட்டு நேராக நான்காம் புத்தகத்துக்குப் போனார்கள். பெரிய இடிப்புதான். ஆனால் நாலாவது பகுதியைப் பார்த்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ராண்ட் பாலைவனத்தில் கண்ணாடித் தூண்களின் நடுவே நடக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் தன் மூதாதையர் ஒருவரின் கண் வழியாகப் பின்னோக்கிப் பார்க்கிறான். இன்றைக்கு உலகமே நடுங்கும் போர்வீரர்களான அந்தப் பாலைவன மக்கள், ஆதியில் ஆயுதத்தையே தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் என்பது அடி அடியாகத் தெரிய வருகிறது. ஏன் வாளைத் தொட மாட்டார்கள், கொல்வதற்கு முன் ஏன் முகத்தை மூடுகிறார்கள் என்று அந்த மக்களைப் பற்றி நமக்கு இருந்த கேள்விகளுக்கெல்லாம் வலியோடு விடை கிடைக்கிற இடம் இது. மூதாதையர் வேடங்களையும் ராண்டாக நடித்த ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே ஏற்று நடித்தார். 1992-ல் அச்சான அந்த அத்தியாயங்களைத் திரையில் காட்டவே முடியாது என்று விடுதியில் நாங்கள் அடித்துப் பேசிய காலம் உண்டு. காட்டிவிட்டார்கள்.

அந்தப் பேச்சில் என் எதிர்க்கட்சியாக இருந்த மின்னியல் துறை நண்பன் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெரினுக்கு மனைவி வந்த அன்றைக்குத் தொலைக்காட்சியை அணைத்தவன் பிறகு திறக்கவே இல்லை. "நம்ம புக்கை என் கண்ணு முன்னால கெடுக்கிறதை நான் ஏண்டா பார்க்கணும்?" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2025 மே மாதம், மூன்றாம் சீசன் முடிந்து சில வாரத்தில், தொடரை நிறுத்திவிட்டார்கள். கதை மறுபடி பாதியில் நின்றது. தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் கையெழுத்து வாங்கினார்கள், இயக்கம் நடத்தினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. செலவு பெரிது, பார்ப்பவர் போதவில்லை என்பதுதான் இப்படிப்பட்ட முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. அணைத்துவிட்டுப் போனவர்களால்தான் நின்றது என்று நான் குற்றம் சாட்டவில்லை. வழக்கமாக வீடு சரியாக அமையவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆட்கள் காலி செய்வார்கள். இங்கே வீடு ஒழுங்காகி வந்த நேரத்தில் குடியிருக்க ஆள் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே கதை தலைகீழ். ஐந்தாம் புத்தகம் 2011-ல் வந்தது, ஆறாவது வருவதற்குள் தொடர் முந்திக்கொண்டு 2019-ல் முடிந்தேவிட்டது. கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கவனியுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் முடிவுப் புத்தகமே இல்லை. "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று சொல்ல வழியில்லை. அவர்கள் கோபமெல்லாம் அவசரத்தின் மேல். பல வருஷம் பொறுமையாக வளர்த்த பாத்திரங்களை நாலைந்து வாரத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் புகார். பெரினின் மனைவி விஷயத்தில் எனக்கிருக்கும் குறையும் அதேதான். புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, உள்ளுக்குள் ரசிகன் கேட்பது ஒன்றையே என்று எனக்குத் தோன்றுகிறது: நடந்ததற்குப் பலன் இருக்கட்டும், அது தெரிய நேரம் கொடு.

தம்பி தங்கைகளுக்கு அடுத்துக் காத்திருப்பது ஹாரி பாட்டர். 2025 ஜூலையில் புதிய தொடரின் படப்பிடிப்பு ஆரம்பமானது. ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்று திட்டம். நேரப் பற்றாக்குறை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் இவர்களுக்கு வேறு சங்கடம்: பழைய படங்களின் முகங்கள் புத்தகத்தை விட ஆழமாக மனதில் ஏறிவிட்டன. ஸ்நேப் வேடத்துக்கு வேறு நடிகரா என்று இப்போதே சண்டை நடக்கிறது. சண்டை போடுங்கள், நன்றாகவே போடுங்கள். அதற்கு முன் ஒரு தரம் சுவரைத் தட்டிப் பாருங்கள்.

செயலாளர் அண்ணன் மணியைக் காட்டுகிறார், சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன். மூன்றாம் வரிசை நண்பனுக்கு ஒரு செய்தி. அந்த நாலாவது பகுதியை இன்றைக்கு ராத்திரி விருந்தினர் விடுதியில் என் அறையில் போடப்போகிறேன். நீ வந்தே ஆகவேண்டும். பாயாசம் சாப்பிட்டுவிட்டு மற்றவர்களும் வரலாம். நாற்காலி மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.