பெரிய களஞ்சியம், பேச ஆளில்லை



இன்று பொதுக்காலத்தின் 18ஆம் ஞாயிறு. லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்திலிருந்து, அறிவற்ற செல்வனைப் பற்றிய உவமையைத் தாய்த் திருஅவை நம் சிந்தனைக்குத் தருகிறது.

இந்த உவமை ஒரு சொத்துத் தகராறிலிருந்து பிறக்கிறது. கூட்டத்தில் ஒருவர், சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி தம் சகோதரருக்குச் சொல்லுமாறு இயேசுவைக் கேட்கிறார். கடவுளின் மகன் கண்முன் நிற்கிறார். அவரிடம் கேட்க அந்த மனிதருக்கு இருந்ததோ பாகப்பிரிவினை ஒன்றுதான். பிரிந்துபோன சகோதரரோடு தம்மைச் சேர்த்துவைக்கும்படி அவர் கேட்கவில்லை. சொத்தைப் பிரிக்கும் நடுவராக இருக்க ஆண்டவர் மறுக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறார்.

அந்தக் கதையில் வரும் செல்வர் திருடியதாகவோ, வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்ததாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிடுகிறார். அவர் இடத்தில் நாம் இருந்தால் நாமும் அப்படித்தானே யோசித்திருப்போம்? பிறகு குறை எங்கே இருக்கிறது?

அவர் யாரோடு பேசுகிறார் என்று பாருங்கள். தமக்குள்ளேயே எண்ணுகிறார், தம் நெஞ்சோடு தாமே பேசிக்கொள்கிறார். மனைவி மக்கள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. வயலில் பாடுபட்டவர்களும் இல்லை. கதையில் அவரோடு பேசுகிற ஒரே ஒருவர் கடவுள். அதுவும் அவருடைய கடைசி இரவில்.

அன்பார்ந்தவர்களே, உழைப்பைத் திருஅவை ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை. புனித யோசேப்பு தச்சர். புனித பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். மனிதருக்காகவே வேலை, வேலைக்காக மனிதர் அல்ல என்பதைத்தான் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய சுற்றுமடலில் வலியுறுத்தினார். கடன் அடைக்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் குடும்பத்தைவிட்டு வெளிநாட்டில் உழைக்கிறவர்களை நாம் குற்றம் சொல்லிவிட முடியாது. வளைகுடா நாடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அந்த நாளில் கோயிலைத் தேடிப்போய், ஞாயிறுத் திருப்பலியை அன்றே காணும் நம் பிள்ளைகளின் விசுவாசம் நமக்குப் பாடமாக இருக்கிறது.

ஆனால், "எல்லாம் குடும்பத்துக்காகத்தான்" என்று சொல்லிச் சொல்லியே குடும்பத்தை இழந்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. நல்ல வேலைக்குள்தான் இந்த ஆபத்து அதிகம். கெட்ட வேலை என்றால் மனசாட்சி உறுத்தும். நல்ல வேலை என்றால் உறுத்தாது.

குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில் கோயிலைப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். மேல்தளம் போடும் நாள். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பையன் வந்தான். "சாமி, பாட்டி உங்களைப் பாக்கணும்னு சொல்றாங்க" என்றான். நோயுற்றிருந்த அந்தப் பாட்டியை எல்லாருக்கும் தெரியும். பங்குப் பேரவையினரோடு நின்றிருந்த நாங்கள், "தளம் முடியட்டும் தம்பி, நாளைக் காலையில் நன்மை எடுத்துக்கொண்டு வருகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை போனோம். வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. "வேலை அப்படி, சாமி என்ன செய்வாங்க" என்றுதான் அந்த வீட்டார் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் இன்றும் எங்களைச் சுடுகிறது. கட்டியது கடவுளின் கோயில். ஆனாலும் அந்த ஒரு நாள் அது எங்கள் களஞ்சியமாகிப் போனது.

அப்படியானால், "இன்றைக்கு இது போதும்" என்று வேலையை நிறுத்தும் துணிவு எங்கிருந்து வரும்? நம் கடற்கரை ஊர்களைப் பாருங்கள். 1542இல் புனித சவேரியார் கால்பதித்த முத்துக்குளித்துறையிலும், குமரிக் கடற்கரையிலும், ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை என்று நம் முன்னோர் வழக்கம் வைத்தார்கள். சனிக்கிழமை நல்ல மீன்பாடு இருந்தாலும் மறுநாள் வள்ளம் கரையில்தான் கிடக்கும். ஒரு நாள் வருமானம் போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே விட்டார்கள். அதுவும் ஊராகச் சேர்ந்து விட்டார்கள். ஒரு வள்ளம் இறங்கினால் பக்கத்து வள்ளத்துக்காரருக்கும் கரையில் மனம் நிற்காது. எல்லாரும் நின்றால்தான் ஏழையும் பயமில்லாமல் நிற்க முடியும்.

இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளையைப் படித்தால், வீட்டுத் தலைவருக்கு மட்டுமல்ல, பணியாளருக்கும், அந்நியருக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் கூட ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தீர்களே என்று காரணமும் தரப்படுகிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும் தொழிலாளரின் ஞாயிறு ஓய்வுக்காகக் குரல் கொடுத்தது.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோம். ஒன்று, ஞாயிறுத் திருப்பலிக்குப் பின் ஒரு வேளையாவது குடும்பமாகச் சேர்ந்து உண்போம். கைப்பேசியும் கடைக் கணக்கும் அந்த நேரத்துக்கு ஓரமாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்போம். நம் வீட்டிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கும், சம்பளம் பிடிக்காமல், அந்த ஓய்வைக் கொடுப்போம். இரண்டு, நாளை போகலாம் என்று நாம் தள்ளிவைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு இன்றே போவோம். அது நோயாளியின் வீடாக இருக்கலாம். சொத்துக்காகப் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியின் வீடாகவும் இருக்கலாம்.

ஆண்டவர் நம்மோடு பேச நம் கடைசி இரவுவரை காத்திருக்கவில்லை. இன்று திருப்பலியில் பேசுகிறார். நம் வாசலில் வந்து நிற்கும் சிறுவன் வழியாகவும் பேசுகிறார். அவர் அழைக்கும்போது கையிலிருக்கும் வேலையை இறக்கிவைத்துவிட்டுப் போகும் மனத்தை அவரே நமக்குத் தருவாராக. ஆமென்.