முறை அறியாத கணினி

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடொன்றிலே, பந்தலின் கீழ்ப் புதியவர் ஒருவர் வந்தமர்ந்ததும் அவரிடம் முதலிற் கேட்கப்படும் வினா அவருடைய தொழிலைப் பற்றியதன்று. "தம்பி ஆற்றை மகன்?" என்பதே அவ்வினா. விடை கிடைத்ததும், அருகிலுள்ள மூத்தவர் சிறிது நேரம் பந்தலின் மேற்கட்டியை நோக்கியிருந்து, மனத்துள்ளே ஏதோ கணக்கிட்டு, "அப்படியெண்டால் நீர் எனக்குப் பெறாமகன் முறை" என்று தீர்ப்புக் கூறிவிடுவார். அவர் கையிற் கடதாசியும் இல்லை, எழுதுகோலும் இல்லை.

இக்கணக்கை இவ்வாறு விரைவிற் செய்யவல்லார் தொகை குறைந்து வருகின்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வளர்கின்றனர். அவர்களுட் பலருக்குத் தந்தையின் தம்பியும் "அங்கிள்". தாயின் அண்ணனும் "அங்கிள்". அடுத்த வீட்டுக்காரரும் "அங்கிள்". ஆகவேதான் வம்சவரிசையைக் கணினியில் வரையும் மென்பொருள்களை நாடும் குடும்பங்கள் உள. நாடுவது நன்று. ஆயின், அக்கருவி எதை அறியும், எதை அறியாது என்பதைத் தெரிந்துகொண்டு நாடுதல் வேண்டும்.

கணினி தோன்றுதற்கு முன்னரே இக்கலைக்கு ஒழுங்கான ஒரு வழியை வகுத்தவர் றிவேர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். 1898 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகக் குழுவினருடன் அவுஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற அவர், அங்குள்ள மக்களின் வம்சவரிசைகளைக் கேட்டு எழுதினார். பின்னர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையேயும் அவ்வாறே செய்து, 1906 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அவருடைய வழி மிக எளியது. தகப்பன், தாய், பிள்ளை, கணவன், மனைவி ஆகிய ஒருசில சொற்களையே வினாவிற் பயன்படுத்துவார். மாமன், சித்தப்பன் என்றெல்லாம் வினவமாட்டார்; ஏனெனில் ஒரு மக்களின் மாமன் வேறு, இன்னொரு மக்களின் மாமன் வேறு. முதலில் யார் யாருக்குப் பிறந்தார் என்ற வரைபடம். அதன் பின்னரே, இவரை நீர் என்ன சொல்லி அழைப்பீர் என்ற வினா.

இன்றைய மென்பொருள்களும் பெரும்பாலும் இவ்வழியிலேயே செல்கின்றன. மோர்மன் சபை எனப் பொதுவாக அறியப்படும் அமெரிக்கத் திருச்சபை 1984 இல் வெளியிட்ட ஜெட்கொம் என்னும் கோப்பு முறையையே உலகின் பல மென்பொருள்களும் தமக்குட் செய்தி பரிமாறப் பயன்படுத்துகின்றன. அதனுள்ளே ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. குடும்பப் பதிவிலே கணவன் இன்னார், மனைவி இன்னார், பிள்ளைகள் இன்னார் என்றிருக்கும். அவ்வளவுதான். "மாமன்" என்று எங்கும் எழுதப்படுவதில்லை. இவருக்கு அவர் என்ன உறவு என்று வினவினால், இருவருக்கும் பொதுவான முன்னோரைத் தேடி, எத்தனை படி ஏறி எத்தனை படி இறங்க வேண்டும் என எண்ணி, அதற்குரிய சொல்லைக் கணினி எடுத்துக் கொடுக்கும்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. ஆங்கிலத்துக்குப் படிகளின் எண்ணிக்கையும், சொல்லப்படுபவர் ஆணா பெண்ணா என்பதும் பெரும்பாலும் போதும். தமிழுக்கு அவை போதா. வழியில் நிற்கும் ஒவ்வொருவரும் ஆணா பெண்ணா என்பது தெரிய வேண்டும். தந்தையின் சகோதரன் தகப்பன் வகை. தாயின் சகோதரன் மாமன். பேசுபவர் யார் என்பதும் தெரிய வேண்டும். ஓர் ஆணுக்குத் தன் சகோதரனின் மகன் பெறாமகன், சகோதரியின் மகன் மருமகன். ஒரு பெண்ணுக்கோ சகோதரியின் மகன் பெறாமகன், சகோதரனின் மகன் மருமகன். ஒரே பிள்ளை, கேட்கும் வாய் மாறினாற் சொல் மாறுகின்றது. பெறாமகன் என்னும் அந்த அழகிய சொல்லுக்கு ஆங்கில அகராதியில் இணை தேடுவது வீண்.

இத்தனை விகற்பங்களுக்கும் அடியில் ஒரு சிறு விதி உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் உறவினர் இரு கூறாவர்: சகோதர முறையினர், மச்சான் முறையினர். அண்ணனுக்கு அண்ணன், அண்ணனே. அண்ணனுக்கு மச்சான், மச்சானே. மச்சானுக்கு மச்சானோ மீண்டும் சகோதர முறையாகிவிடுகிறான். கணிதத்திலே மறையை மறையாற் பெருக்க நேராவது போன்றது இது. பந்தலின் கீழிருந்த பெரியவர் செய்த கணக்கும் இதுவே. இவ்வளவு சீரான விதியைக் கணினிக்குக் கற்பித்தல் அரிதன்று. கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே அரிது.

இவ்விதியைப் பிறநாட்டு அறிஞர் சரிவர உணரவும் காலம் சென்றது. நியூயோர்க் மாநிலத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன், தம் அயலிலிருந்த செனெக்கா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் உறவுமுறைகளை ஆராய்ந்தவர். உலகின் பல பாகங்களுக்கும் அச்சிட்ட வினாப் பத்திரங்களை அனுப்பி விடைகளைத் திரட்டினார். தென்னிந்தியாவிற் பணியாற்றிய மிஷனரிமார் வாயிலாகத் தமிழ் உறவுச் சொற்கள் அவர் கைக்குக் கிட்டியபோது, அவை செனெக்கா முறையை ஒத்திருக்கக் கண்டு வியந்தார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அதைச் சான்றாகவும் கொண்டார். அவருடைய பெருநூல் 1871 இல் வெளிவந்தது. ஆனால் ஒப்புமை மேலோட்டமானது. தந்தையின் மச்சானைத் தமிழர் மாமன் என்பர். செனெக்கா மக்களோ அவரையும் தகப்பன் வகையிலேயே சேர்ப்பர். நெருங்கிய உறவில் ஒன்றாகத் தோன்றும் இரு முறைகளும் ஒரு படி விலகியதும் பிரிந்துவிடுகின்றன. இவ்வேறுபாட்டை 1964 இல் லவுன்ஸ்பரி என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். மோர்கன் போன்ற பேரறிஞருக்கே வழுக்கிய இடத்தில், மென்பொருள் எழுதும் இளைஞர் வழுக்குவதிற் குறை கூற இடமில்லை.

மச்சான் மச்சாளை மணக்கும் வழக்கம் இன்னொரு சிக்கலைத் தருகின்றது. ஒருவருக்குப் பூட்டன் பூட்டிமார் எண்மர் இருத்தல் பொது விதி. தாயும் தந்தையும் மாமன் மகள், மாமி மகன் ஆயின் அறுவரே இருப்பர். மரம் என்று வரையத் தொடங்கியது வலையாகிவிடுகின்றது. ஒரே ஆள் படத்தில் ஈரிடத்தில் நிற்கின்றார். சில மென்பொருள் அவரை இருமுறை வரையும். பயனாளர் அவர்கள் இருவர் என மயங்குவர். அன்றியும், ஒருவர் ஒரு வழியாற் சித்தப்பாவும் மறு வழியால் மாமனும் ஆவதுண்டு. குறுகிய வழியைக் கண்டதும் கணினி நின்றுவிடலாகாது. எல்லா வழிகளையும் சொல்லட்டும். எதைக் கொள்வது என்பதைக் குடும்பத்தார் தீர்மானிப்பர். அவர்கள் அதைத்தானே காலங்காலமாகச் செய்து வந்துள்ளனர்!

பெயர் விடயத்திலும் இத்தகைய முரண்பாடு உண்டு. குடும்பப் பெயர் என ஒரு கூட்டை மென்பொருள் நீட்டுகின்றது. தமிழரிற் பலருக்கு அது இல்லை. தகப்பன் பெயரே முன்னே நிற்கின்றது. அதைக் குடும்பப் பெயர்க் கூட்டில் இட்டால் தலைமுறைதோறும் குடும்பம் மாறியதாகக் கணினி கருதும். 2001 இல் தொடங்கப்பெற்ற கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருளில், இது தகப்பன் வழிப் பெயர் எனக் குறிக்க இடமுண்டு. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலோ தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழியே வருவது. தந்தை வழியை மட்டும் தடித்த கோட்டாற் காட்டும் படம் அங்கே பயன்படாது. குடியைத் தனிக் குறிப்பாக ஒவ்வோர் ஆளுடனும் எழுதிவைத்தலே தக்கது.

ஆவணங்களும் பெண்களை எளிதில் மறந்துவிடுகின்றன. இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பிறப்புச் சான்றிதழிலே, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை எழுதக் கூடு உண்டு. பாட்டிக்குக் கூடு இல்லை. போரிலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் அச்சான்றிதழ்களையும் இழந்த வீடுகளுக்கு, எஞ்சிய ஆவணம் முதியோரின் நினைவு ஒன்றே. ஆதலால் இம்முயற்சியில் முதற்கருவி கணினி அன்று. குரலைப் பதிவு செய்யும் கைத்தொலைபேசியும், ஆச்சியின் பக்கத்தில் ஓர் அரை நாளும் ஆகும்.

தட்டெழுதும்போது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைத் தவிர்த்தல் நலம். அவற்றில் எழுதியது அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். யூனிக்கோடே ஏற்றது, 2021 இல் வெளிவந்த ஜெட்கொம் ஏழாம் பதிப்பு அதையே கட்டாயமாக்கியுள்ளது. உயிருடன் இருப்போரின் பிறந்த நாளையும் தாயின் கன்னிப் பெயரையும் யாவரும் பார்க்கும் இணையத்தளத்தில் இட்டுவைத்தல் திருடனுக்குத் திறப்புக் கொடுப்பதை ஒக்கும்.

ஆண்டு தெரியவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. பெரியம்மாவா சின்னம்மாவா என்று அறியப் பிறந்த ஆண்டு அவசியமன்று. தாய்க்கு மூத்தவரா இளையவரா என்பது போதும். குடும்பப் பதிவிலே பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படி எழுதுக என்பதே ஜெட்கொம் முறையின் விருப்பமும். ஆண்டுகளை மறந்த முதியோரும் அவ்வரிசையை மறப்பதரிது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தி ஒருத்தி, தான் வரைந்த படத்தைப் பெரிய கடதாசியில் அச்சிட்டு அம்மம்மாவின் முன்னே விரித்ததாகக் கொள்வோம். கிழவிக்கு எழுத்துக்கள் மங்கலாகவே தெரிகின்றன. பேத்தி ஒவ்வொரு பெயராக வாசிக்கின்றாள். தன் சகோதரரின் வரிசை வந்ததும் அம்மம்மா கையமர்த்தி, "இவவுக்கு மூத்தது ஒண்டு இருந்தது பிள்ளை. பத்து மாதத்திலை காய்ச்சலிலை போட்டுது. அதையும் எழுது" என்கிறாள். சான்றிதழும் இல்லை; படமும் இல்லை. பேத்தி கணினியைத் திறந்து, அவ்வரிசையின் தலையில் ஒரு புதிய ஆளைச் சேர்த்துவிட்டு, பெயர் என்ன என்று கேட்கின்றாள்.