அடைக்கக் கூடாத துளை

(வானொலியில் ஆற்றப்பட்ட அருளுரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களோடு ஒரு காரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அருளுரை நேரத்தில் கார் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள். இது எங்கள் தவறு ஒன்றைப் பற்றிய கதை. பழுதான தண்ணீர் பம்பை வீட்டு முற்றத்திலேயே மாற்றிய கதையும்கூட.

எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் தயாராகி, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அதே அம்பாசிடர்தான். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குப் போவதும் அதில்தான். இரவில் யாருக்காவது முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான்.

ஒருநாள் காலையில் எங்கள் கோயில்பிள்ளை வந்து, "சாமி, காருக்கு அடியில தண்ணி சொட்டிக் கிடக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். உள்ளங்கை அளவு ஈரம். ரேடியேட்டரில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். இம்முறை குனிந்து பார்த்தோம். ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் பம்பின் அடிப்பக்கத்தில், பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. அதிலிருந்துதான் சொட்டியது. "இவ்வளவுதானா" என்று எம்சீலைப் பிசைந்து அந்தத் துளையை அடைத்துவிட்டோம். சொட்டுவது நின்றது. எங்களுக்கு ஒரே பெருமை.

சில வாரங்கள் போயின. கோயில்பிள்ளை மூன்றாம் முறை வந்தார். "சாமி, வண்டி ஓடும்போது முன்பக்கம் ஒரு மாதிரி அரைக்கிற சத்தம் கேக்குது" என்றார். திருவிழா வேலைகளில் இருந்த எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டியைப் பற்றி உமக்கு என்னய்யா தெரியும்? மணியை நேரத்துக்கு அடியும், அது போதும்" என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதன் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம். ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி. அவளையும் அவள் தாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, கோயில்பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் புறப்பட்டோம். பாதி வழியில், இரும்பும் இரும்பும் உரசுவதுபோல் ஒரு கீச்சுச் சத்தம். அடுத்து 'டப்' என்று ஃபேன் பெல்ட் அறுந்தது. டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. உடனே வண்டியை ஓரங்கட்டினோம். வீடு இல்லை, விளக்கு இல்லை. பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் அழுகை. டார்ச் விளக்கைப் பிடித்தபடி கோயில்பிள்ளை நடுரோட்டில் நின்றார். இருபது நிமிடம் கழித்து மீன் ஏற்றப் போன ஒரு வேன் வந்தது. அந்த ஓட்டுநர் புண்ணியத்தில் அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த இருபது நிமிடத்தை நாங்கள் மறக்கவே முடியாது.

மறுநாள், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உதவிக்கு வந்தார். "கூட நின்னு வேலை பாருங்க சாமி, நீங்களே கத்துக்கிடலாம்" என்றார். முற்றத்து வேப்பமரத்தடியில் வேலை தொடங்கியது.

அவர் சொன்ன முதல் பாடம், சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது என்பது. மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து, கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஆகவே இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே வேலை. பாட்டரி ஒயரைக் கழற்றினோம். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு பேசினில் பிடித்தோம். கூலன்ட் கலந்த தண்ணீர் இனிக்கும். ஆனால் அது விஷம். குழந்தைகளும் நாய்களும் வாய் வைக்காதபடி மூடி வைக்க வேண்டும்.

மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்தோம். டைனமோவின் போல்ட்டுகளைக் கழற்றி அதையும் எடுத்தோம்; அதன் ஒரு போல்ட் பம்பிலேயே மாட்டியிருக்கிறது. பிறகு ஃபேனையும் புல்லியையும் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள். கடைசியில் பம்பை இன்ஜினோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள். அண்ணாச்சி ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். எது எங்கே என்ற குழப்பமே வரவில்லை.

பம்பு கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தார். "இத யாரு அடைச்சது சாமி?" என்று கேட்டார். "நாங்கள்தான் அண்ணாச்சி" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "இத அடைக்கப்படாது சாமி. சொட்டுறதுக்குன்னே வச்ச துளை இது. உள்ள சீல் போச்சுன்னு அது சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க அது வாயப் பொத்திட்டீய" என்றார்.

பிறகு விளக்கினார். பம்பின் நடுவே ஒரு தண்டு. ஒரு முனையில் பெல்ட் சுற்றும் புல்லி. மறுமுனையில் தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம். தண்டு சுழல்வதற்கு கிரீஸ் அடைத்த பேரிங். தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் தடுக்க நடுவில் ஒரு சீல். எந்தச் சீலும் ஒருநாள் தேயத்தான் செய்யும். அது தெரிந்துதான் பம்பைச் செய்தவர்கள் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். கசியும் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் வெளியேறிவிடும்; தரையில் ஈரத்தைப் பார்த்து நாமும் விழித்துக்கொள்வோம். துளையை அடைத்தால் தண்ணீருக்கு வேறு வழியில்லை. பேரிங்குக்குள் போய், கிரீஸைக் கழுவி, துருப்பிடிக்க வைத்து, ஒருநாள் தண்டையே இறுக்கிவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான். முதல் சொட்டிலேயே கவனித்திருந்தால் ஒரு பகல் வேலையோடு முடிந்திருக்கும்.

புதிய பம்பைப் பழையதோடு ஒப்பிட்டு, கையால் சுற்றிப் பார்த்தோம். இன்ஜினின் துளைக்குள் துணியைச் செருகி வைத்துவிட்டு, ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைக் கீறல் விழாமல் சுரண்டினோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. "இதுல அவசரப்பட்டா நாளைக்கே ஒழுகும்" என்றார் அண்ணாச்சி. துணியை எடுத்துவிட்டுப் புதிய பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். மற்றவற்றையும் மாட்டிப் புது பெல்ட்டைப் போட்டோம். அதன் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், அதிகம் இறுகினால் புது பேரிங்கும் கெடும்.

எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் உள்ளே படிவு கட்டும் என்பதால், காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றினோம். மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கி மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூடினோம். இரவு வண்டிக்கு அடியில் ஒரு காய்ந்த அட்டையை வைத்தோம். காலையில் அட்டை காய்ந்தபடியே இருந்தது.

ஒரு எச்சரிக்கை. அம்பாசிடரில் இது எளிய வேலை. இன்றைய கார்கள் பலவற்றில் பம்பு டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பெல்ட்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் இன்ஜினே உடையலாம். தெரிந்தவர் துணையில்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

அன்பிற்குரியவர்களே, பம்பை மாற்றிவிட்டோம். ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. நாங்கள் அடைத்தது இரண்டு துளைகளை. ஒன்று பம்பில் இருந்தது. மற்றொன்று எங்கள் கோயில்பிள்ளையின் வாய். மூன்று முறை எச்சரித்த மனிதரை ஒரே ஒரு சுடுசொல்லால் அடைத்துவிட்டோம். அந்த இருட்டில் டார்ச்சோடு நின்றபோதுகூட, "நான்தான் சொன்னேனே சாமி" என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. "அப்பா, தினமும் குடிக்கிறீங்களே" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. "பெரியவங்க பேசும்போது நீ பேசாதே" என்று அடக்கிவிடுகிறோம். "கடன் ஏறிக்கிட்டே போகுது" என்று மனைவி சொல்கிறார். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறோம். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கணக்கில் ஏதோ இடிக்குதே" என்கிறார். அவரைக் குழப்பக்காரர் என்று உட்கார வைக்கிறோம். உடனே அமைதி வந்துவிடுகிறது. தரையில் ஈரம் இல்லை என்று மகிழ்ந்து போகிறோம். ஆனால் தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது? நமக்குள்ளேயும் மனசாட்சி சொட்டுகிறது. அதையும் ஏதாவது சாக்குச் சொல்லி அடைத்துவிடுகிறோம். நம் திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தை நமக்கு வைத்திருப்பது, உள்ளே கசிவது பேரிங்கைத் தொடுவதற்கு முன்பே வெளியே வரட்டும் என்பதற்காக அல்லவா?

அன்று மாலை கோயில்பிள்ளையை அழைத்து, "நீர் சொன்னதைக் கேட்காமல் உம்மை வருத்திவிட்டோம். மன்னித்துக்கொள்ளும்" என்றோம். "விடுங்க சாமி" என்றார். போனவர் வாசலில் நின்று திரும்பினார். சற்றுத் தயங்கினார். பிறகு, "சாமி... சக்ரீஸ்து கூரையிலயும் ஒரு இடத்துல ஒழுகுது" என்றார். அப்போதே ஏணியை எடுத்துக்கொண்டு அவரோடு போனோம்.

சென்ற ஞாயிறு அந்தக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம். மணி அடித்தவர் அவர்தான்.

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். நாம் வாயடைத்துப் போட்ட ஒருவர் நம் வீட்டில் இருப்பார், நம் வேலையிடத்தில் இருப்பார். அவரிடம் போய், "அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.

கேட்கும் செவிகளை இறைவன் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.